விஞ்ஞானத்துக்குப் பிடி அரிசி

தானம் செய்வோர் ஒருவரையொருவர் முந்த முயல்வது உலகத்தில் புதிதல்ல. கோயிலுக்கு மணி வாங்கித் தருவதிலும் சத்திரத்துக்கு நிலம் எழுதி வைப்பதிலும் போட்டியிட்ட தனவந்தர்களைப் பற்றி ஊர்தோறும் கதைகள் உண்டு. ஆனால் தம் வீட்டு மேஜைமேல் இருக்கும் ஒரு யந்திரத்தின் உழைப்பைத் தானம் செய்வதில் லட்சக்கணக்கான சாமானிய மனிதர்கள் அணி வகுத்துப் போட்டியிடுவதும், அப்போட்டியின் பயனாக விஞ்ஞான சாஸ்திரம் முன்னேறுவதும் நமது காலத்துக்கே உரிய புதுமை. சுமார் முப்பது வருஷங்களாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இம்முயற்சி மும்முரமாக நடந்து வருகிறது. இது சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளுவாரும் உளர். மனித குலத்தின் ஒற்றுமைக்கு நற்சான்று என்று போற்றுவாரும் உளர். இரு சாராரும் பாதி உண்மையையே கண்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். இதில் விளையாட்டும் இருக்கிறது, தொண்டும் இருக்கிறது. இரண்டையும் பிணைத்த கயிறு எவ்வளவு உறுதியானது என்பதையே நாம் ஆராய வேண்டும்.

விஷயம் இதுதான். வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் பெரும்பாலான நேரம் வேலையின்றியே இருக்கிறது. அதன் சொந்தக்காரர் உறங்கும்போது மாத்திரமல்ல, கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதும், ஓர் எழுத்துக்கும் மறு எழுத்துக்கும் இடையே கோடிக்கணக்கான கணக்குகளைச் செய்யக்கூடிய அந்த யந்திரம் கைகட்டிக் காத்திருக்கிறது. மற்றொரு புறத்தில், பெரிய கணக்குகளைச் செய்து முடிக்கப் பெரிய யந்திரம் வாங்கப் பணமில்லாத ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி இன்டர்நெட் மூலம் வீடுகளுக்கு அனுப்பினால், வீட்டு யந்திரம் ஓய்ந்த நேரத்தில் அதைச் செய்து விடையைத் திருப்பி அனுப்பிவிடும். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டுவைக்கும் நமது இல்லத்தரசிகளின் வழக்கத்துக்கு இதை ஒப்பிடலாம். ஒரு பிடியால் வீட்டுக்குக் குறைவில்லை. ஊரார் கலயங்களெல்லாம் ஒன்று சேர்ந்தால் ஒரு மடத்துக்கே அன்னம்.

ஆரம்ப காலம்

முதலில் இம்முறையைக் கையாண்டு நிலைபெற்றவர்கள் கணித சாஸ்திரப் பிரியர்கள். 2-ஐ 2-ஆலேயே பல முறை பெருக்கி, வந்த தொகையில் 1-ஐக் கழித்தால் சில சமயம் பகா எண் கிடைக்கும். 3, 7, 31, 127 என்பவை அத்தகையவை. இவற்றுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். இவை மேலே போகப் போக மிகவும் அரிதாகின்றன. இவற்றைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் என்னும் அமெரிக்கர் 1996-ஆம் வருஷம் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். அவர் எழுதிய கணக்கு நிரலைத் தங்கள் யந்திரங்களில் ஓடவிட்ட தொண்டர்கள் அந்த வருஷத்திலேயே ஒரு புதிய எண்ணைக் கண்டார்கள். 2018-ஆம் வருஷ முடிவுக்குள் இவ்விதம் 17 எண்கள் கிடைத்தன. கடைசியாகக் கிடைத்ததை எழுதினால் 2 கோடியே 48 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் வரும்.

அடுத்தவர்கள் பூட்டைத் திறப்பவர்கள். டி.இ.எஸ். என்னும் ரகசிய எழுத்து முறையை அமெரிக்க சர்க்கார் 1977-இல் அங்கீகரித்திருந்தது. பாங்கிகளும் கம்பெனிகளும் அதை நம்பித் தங்கள் ரகசியங்களை ஒப்படைத்திருந்தன. அந்தப் பூட்டு பலவீனமானது என்று நிபுணர்கள் வெகு காலமாகச் சொல்லி வந்தும் பயனில்லை. 1997-இல் தோன்றிய டிஸ்ட்ரிபியூட்டட் நெட் என்னும் தொண்டர் கூட்டம், எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் உரிமைச் சங்கம் விசேஷமாகச் செய்த ஒரு யந்திரத்தையும் துணை கொண்டு, 1999 ஜனவரியில் 22 மணி 15 நிமிஷத்தில் அந்தப் பூட்டைத் திறந்து காட்டியது. நிபுணர்களின் வாதங்களால் சாதிக்க முடியாததைச் சாமானியர்களின் யந்திரங்கள் ஒரே நாளில் பகிரங்கமாக நிரூபித்தன. பிரஜைகளின் ரகசியத்தைப் பிரஜைகளே பரிசோதித்துக் கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனால் உலக முழுவதையும் இந்த முயற்சிபால் திருப்பியது 1999 மே மாதம் 17-ந் தேதி கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கலாசாலையில் தொடங்கிய செட்டி அட் ஹோம் என்னும் திட்டமே. போர்ட்டோ ரீக்கோ தீவில் அரெசிபோ என்னுமிடத்தில் 305 மீட்டர் குறுக்களவுள்ள ரேடியோ டெலஸ்கோப் ஒன்று அப்போது இருந்தது. வானத்திலிருந்து அது வாங்கிய ஒலிகள் நாடாக்களில் பதிவாகித் தபாலில் பெர்க்லிக்கு வரும். அவற்றை 107 வினாடி நீளமுள்ள துண்டுகளாக்கி வீடுகளுக்கு அனுப்புவார்கள். வேறு உலகங்களில் அறிவுள்ள ஜீவர்கள் இருந்து செய்தி அனுப்பினால் அது இந்த இரைச்சலில் எங்கேயாவது ஒளிந்திருக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. இதில் 52 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். உலக சரித்திரத்தில் எந்த விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் அதற்குமுன் இவ்வளவு பேர் கைகொடுத்ததாக நாம் அறியோம்.

புள்ளி என்னும் மாயம்

இவர்களை எது இழுத்தது? வானுலகச் செய்தியின் கவர்ச்சி இழுத்தது உண்மைதான். ஆனால் கவர்ச்சி ஒரு மாதம் நிற்கும்; மிஞ்சினால் ஒரு வருஷம். இருபது வருஷம் நிறுத்தி வைத்தது வேறொன்று. ஒவ்வொருவரும் எத்தனை துண்டுகளை முடித்தார் என்பதை பெர்க்லிக்காரர்கள் எண்ணி, வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். அவ்வளவுதான். உடனே பள்ளிக்கூடங்களும் கம்பெனிகளும் சங்கங்களும் தேசங்களும் தனித்தனி அணி சேர்ந்தன. அடுத்த அணியை முந்துவதற்காகப் பழைய யந்திரங்களைத் தூசி தட்டி எடுத்தவர்களும், புதிய யந்திரங்களை வாங்கி அடுக்கியவர்களும் உண்டு.

பெர்க்லியில் டேவிட் ஆண்டர்சன் என்பவர் 2002-இல் பாயின்க் என்ற பொது ஏற்பாட்டை அமைக்கத் தொடங்கியபின், ஒரே யந்திரத்தில் பல ஆராய்ச்சிகளுக்கு உதவுவது எளிதாயிற்று. அதோடு புள்ளிக்கும் ஒரு பொது அளவு ஏற்பட்டது. வினாடிக்கு நூறு கோடி கணக்குச் செய்யும் யந்திரம் ஒரு நாள் முழுவதும் உழைத்தால் 200 புள்ளி. இந்தப் புள்ளியைக் கொண்டு கடையில் ஒரு குண்டூசி கூட வாங்க முடியாது. ஆயினும் அதற்காக வருஷந்தோறும் மே மாதத்தில் ஒரு பந்தயமே நடக்கிறது. 2010 முதல் ஜெர்மானிய அணியான செட்டி ஜெர்மனி நடத்திவரும் இந்தப் பென்டத்லானில், விளையாட்டுப் பந்தயங்களின் பெயர்களைத் தாங்கிய ஐந்து போட்டிகள் உண்டு. மாரத்தான் இரண்டு வாரம் நீடிக்கும். மற்றவை சில நாட்களில் முடியும். பிரெஞ்சு மொழி பேசுவோர் ஓரணி, செக் தேசத்தார் ஓரணி, போலிஷ்காரர் ஓரணி, பிளானெட் த்ரீடிநௌ, ஆனந்த்டெக் முதலிய பத்திரிகைகளின் வாசகர்கள் தனித்தனி அணிகள் என்று தேச பேதமின்றி மல்லுக்கு நிற்கிறார்கள்.

இதைக் கண்டு நகைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். செட்டி அட் ஹோம் தேடிய செய்தி இருபது வருஷங்களிலும் கிட்டவில்லை. பகா எண் தேடுபவரில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் தேடினாலும் ஒன்றையும் காணப் போவதில்லை. ஒரு துண்டு வேலை முடிந்து அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால், அதுவும் விஞ்ஞானத்துக்கு லாபமே. அந்த இடத்தை மறுபடி தேட வேண்டியதில்லையல்லவா? ஆனால் "ஒன்றுமில்லை" என்ற விடைக்காக ஒரு மனிதனை வருஷக்கணக்கில் உழைக்கச் செய்வது எப்படி? பலனைக் கருதாமல் கடமையைச் செய்யும் ஞானிகள் சிலரே. மற்றவர்களுக்குத் தம் உழைப்பு எங்கோ எண்ணப்படுகிறது, வீணாகவில்லை என்ற ஆறுதல் வேண்டும். புள்ளி அந்த ஆறுதலைத் தருகிறது. அது கூலியன்று, "நீ வந்தாய், வடத்தைப் பிடித்தாய்" என்பதற்கு அடையாளம். தேர் நிலைக்கு வரும் வரையில் வடத்தை விடாமலிருக்க அது உதவுகிறது. நல்லெண்ணம் தொடங்கி வைத்த காரியத்தைப் போட்டி தொடர்ந்து நடத்துகிறது என்று கூறினால் மிகையாகாது.

நோயும் கணக்கும்

பலன் தூரத்தில் இல்லாமல் சமீபத்திலேயே இருந்த துறையும் ஒன்றுண்டு. நமது உடம்பிலுள்ள புரோட்டீன்கள் நீண்ட சங்கிலிகள். அவை குறிப்பிட்ட விதமாக மடிந்தால்தான் தம் வேலையைச் செய்யும். தவறி மடிந்தால் நோய். அந்த மடிப்பைக் கம்ப்யூட்டரில் நடித்துப் பார்க்க வேண்டுமானால், வினாடியைப் பங்கிட்டு, 1-ஐ அடுத்து 15 பூஜ்யமுள்ள தொகையில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ ஆக அடியெடுத்து நடக்க வேண்டும். ஒரு யந்திரத்தால் இது ஆகாத காரியம். 2000-ஆம் வருஷம் அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் விஜய் பாண்டே என்பவர் ஃபோல்டிங் அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது கையாண்ட யுக்தி வியக்கத்தக்கது. ஒரு வழிப்போக்கனின் நடையை நூறு பேர் சேர்ந்து வேகப்படுத்த முடியாது. ஆனால் காணாமற்போன மாட்டைத் தேட நூறு பேர் நூறு திசையில் புறப்பட்டால் அது சீக்கிரம் அகப்படும். அதுபோல, ஒரே நீண்ட கணக்குக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான குறுகிய கணக்குகளைத் தனித்தனி வீடுகளுக்கு அனுப்பி, வந்த விடைகளைப் பிறகு ஒன்றாகக் கோத்து, மடிப்பின் முழுப் பாதையையும் அறிந்தார்கள்.

இங்கே போட்டிக்குப் பேர்போனவர்கள் கம்ப்யூட்டர்களைத் தம் கையாலேயே பூட்டி, அதன் வேகத்தை முடுக்கி மகிழும் பொழுதுபோக்குக்காரர்கள். ஹார்ட்ஓசிபி என்னும் பத்திரிகையின் வாசகர்கள் 33-ஆம் எண் அணியாகச் சேர்ந்து வெகு காலம் முன்னணியில் நின்றார்கள். 2007-இல் விளையாட்டு யந்திரமான பிளேஸ்டேஷன் 3-இன் சொந்தக்காரர்களும் வந்து சேர்ந்தபோது, இந்தக் கூட்டு யந்திரத்தின் வேகம், வினாடிக்கு 1-ஐ அடுத்து 15 பூஜ்யமுள்ள கணக்குகள் என்ற அளவைத் தாண்டியது.

பிறகு வந்தது 2020. கொரோனா கொள்ளைநோய் தேசந்தேசமாகப் பரவி, ஜனங்கள் வீட்டினுள் அடைபட்டு, ஒன்றும் செய்ய இயலாமல் திகைத்திருந்த காலம். அந்த வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில், வைரஸின் புரோட்டீன்களை ஆராயப்போவதாக ஃபோல்டிங் அட் ஹோம் அறிவித்தது. அப்போது அதற்குத் தலைமை தாங்கியவர் கிரெக் போமன். சில வாரங்களில் லட்சக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். தொண்டர் கூட்டம் மிகுந்து, கொடுக்க வேலை போதாமல் சில நாள் பலருடைய யந்திரங்கள் சும்மா காத்திருக்கும்படி ஆயிற்று! மார்ச் மாத முடிவுக்குள் கூட்டு வேகம் வினாடிக்கு 1-ஐ அடுத்து 18 பூஜ்யங்கள் என்ற எல்லையைக் கடந்தது. தனியொரு ராட்சத யந்திரமான அமெரிக்காவின் ஃபிரான்டியர் அந்த எல்லையைக் கடந்ததாகப் பதிவானது இரண்டு வருஷம் கழித்து, 2022 மே மாதத்திலேதான். இரண்டையும் அளந்த கோல் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்டாலும், சாமானியர்களின் கலயங்கள் சர்க்காரின் களஞ்சியத்தை முந்தின என்பது சிறிய விஷயமன்று.

பலன் என்ன? வைரஸின் முள் போன்ற புரோட்டீன் எவ்விதம் வாய் திறக்கிறது, மருந்து ஒட்டக்கூடிய மறைவான பள்ளங்கள் எங்கெங்கே தோன்றி மறைகின்றன என்பவற்றைக் கண்டு 2021-இல் நேச்சர் கெமிஸ்ட்ரி என்னும் பத்திரிகையில் வெளியிட்டார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் இதில் பங்கு கொண்டதாக அந்தக் கட்டுரையே கூறுகிறது. பேடண்ட் உரிமை இல்லாத மருந்தைத் தேடிய கோவிட் மூன்ஷாட் என்னும் முயற்சிக்கும் இந்தக் கணக்குகள் உதவின. இவற்றால் நோய் ஒழிந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. மருந்து என்பது ஒரே கணக்கில் பிறப்பதன்று. ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதி வீடுகளில் நடந்தது; அதன் பயன் எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்டது.

போட்டியின் மறுபக்கம்

நன்மையை மட்டும் கூறி நிறுத்துவது நேர்மையாகாது. வரிசையில் முன்னிற்கும் ஆசை முற்றினால் என்ன ஆகும் என்பதை செட்டி அட் ஹோம் தொடக்கத்திலேயே கண்டது. சிலர் வேலையைச் செய்யாமலே பொய் விடைகளை அனுப்பிப் புள்ளி சேர்த்தார்கள். வேறு சிலர் வேகத்தைக் கூட்டுவதற்காக நிரலையே திருத்தினார்கள். இதன் விளைவாக ஒரே துண்டு வேலையை இருவர் மூவரிடம் கொடுத்து, விடைகள் ஒத்திருந்தால்தான் ஏற்பது என்ற விதி வந்தது. சில பொய்யர்களுக்காகத் தொண்டர்களின் உழைப்பில் பெரும் பகுதி சரிபார்ப்புக்கே செலவாயிற்று. பொய் சொல்லாதவரும் தவறு செய்யலாம். யந்திரத்தை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால் கணக்கு பிசகும். வேகத்தில் பெருமை கொள்பவர், விடை சரியாயிருப்பதில் அதைவிடப் பெருமை கொள்ள வேண்டும்.

இதைவிட மோசமான மற்றொரு தவறு உண்டு. தன்னுடையதல்லாததைத் தானம் செய்வது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு தொழிற்கல்லூரியில் வேலை பார்த்த ஒருவர், கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் அனுமதியின்றி டிஸ்ட்ரிபியூட்டட் நெட் நிரலைப் போட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டார். பல வருஷச் சிறைவாசம் நேரிடலாமென்ற பயம் இருந்தது. கடைசியில் 2002 ஜனவரியில் ஒரு வருஷக் கண்காணிப்பும், 2,100 டாலர் தண்டமும், 80 மணி நேரப் பொதுத் தொண்டுமாக வழக்கு முடிந்தது. ஆரம்பத்தில் பயமுறுத்திய தண்டனை அளவுக்கு மீறியது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊரார் நெல்லை அளந்து போட்டுவிட்டு, கொடையாளி என்று தன் பெயரை எழுதிக்கொள்வது தர்மமாகாது என்பதிலும் நமக்குச் சந்தேகமில்லை.

பந்தயக்காரர்களின் சாமர்த்தியம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். முடித்த வேலையை உடனே அனுப்பாமல் பதுக்கி வைத்திருந்து, பந்தயத்தின் கடைசி நாளில் ஒரேயடியாகக் கொட்டி எதிரணியைத் திகைக்க வைப்பது அவர்களிடையே பழக்கமான தந்திரம். விளையாட்டுக்கு இது சுவைதான். ஆனால் விடைக்காக ஆராய்ச்சியாளர் காத்திருக்கும் வேளையில், புள்ளிக்காக விடையைப் பதுக்குவது சரியா? ஃபோல்டிங் அட் ஹோம் இதற்கு நல்ல பரிகாரம் கண்டது. அதன் வேலையில் ஒரு துண்டின் விடை வந்தால்தான் அடுத்த துண்டைத் தொடங்க முடியும். ஆகவே விடை எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவுக்கு அதிகப் புள்ளி என்று விதி செய்தார்கள். பதுக்குபவன் தோற்பான், விரைபவன் வெல்வான். போட்டி மனப்பான்மையைக் கண்டிப்பதைவிட, அதை வாய்க்கால் வெட்டித் திருப்புவதே புத்திசாலித்தனம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மிச்சமா, செலவா?

"சும்மா கிடக்கும் யந்திரந்தானே, இதில் என்ன செலவு?" என்று தொடக்கத்தில் பலர் எண்ணினார்கள். 1999-இல் அது ஓரளவு உண்மை. அந்நாளைய யந்திரம் சும்மா இருந்தாலும் வேலை செய்தாலும் மின்சாரச் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. இன்றைய யந்திரமோ வேலையில்லாதபோது தானே அடங்கிக்கொள்கிறது. அதை முழு வேகத்தில் ஓட்டினால் செலவு பல மடங்கு. 200 வாட் கூடுதலாக இழுக்கும் யந்திரம் இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 4.8 யூனிட், மாதத்துக்கு 144 யூனிட். ஒரு சிறு குடும்பத்தின் மின்சாரக் கணக்குக்கு இது ஈடாகிவிடும். குளிர் தேசத்தில் அந்தச் சூடு அறையைக் கதகதப்பாக்கும் என்று சமாதானம் கூறுகிறார்கள். நம்மைப்போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் அந்தச் சூட்டை வெளியேற்றவே மேலும் மின்சாரம் வேண்டும். பூமியின் சீதோஷ்ண நிலையை ஆராய்வதற்கென்று ஆக்ஸ்ஃபோர்டில் 2003-இல் தொடங்கிய திட்டத்துக்குக்கூட வீடுகளில் மின்சாரம் எரிந்தாக வேண்டும் என்பதை நினைத்தால் இதன் கடினம் விளங்கும்.

ஆகையால் இது இனிமேல் மிச்சத்தைக் கொடுப்பதன்று, உள்ளதிலிருந்து கொடுப்பது. அவ்விதமாயின் கொடுப்பவருக்குச் சில கேள்விகள் கேட்க உரிமை உண்டாகிறது. என் மின்சாரம் எதற்குச் செலவாகிறது? விடை யாருக்குச் சொந்தம்? புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பவர் இந்தக் கேள்விகளை மறந்துவிடுகிறார். அவர் மறப்பதுதான் இந்த இயக்கத்தின் உண்மையான பலவீனம் என்று நாம் கருதுகிறோம்.

இனி என்ன?

இயக்கம் இப்போது ஒரு திருப்பத்தில் நிற்கிறது. செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31-ந் தேதியோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி அரெசிபோ டெலஸ்கோப் இடிந்து விழுந்தது. ஐ.பி.எம். கம்பெனியார் 2004 முதல் நடத்திவந்த வேர்ல்டு கம்யூனிடி கிரிட் என்ற பெருந்திட்டமும் அவர்கள் கையைவிட்டு கனடாவில் டொரான்டோ நகரத்து கிரெம்பில் ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கு மாறியது. 2024 அக்டோபரில் 52-ஆவது மெர்சென் பகா எண் கிடைத்தது. அதற்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள். ஆனால் இம்முறை அது வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடைக்கவில்லை. வசதி படைத்த பொறியாளர் ஒருவர், பதினேழு தேசங்களில் உள்ள பெரிய யந்திர சாலைகளில் வாடகைக்குப் பிடித்த யந்திரங்களைக் கொண்டு அதைக் கண்டார். அவரும் தொண்டரே, அவரை நாம் பாராட்டுகிறோம். எனினும் 28 வருஷமாகச் சாமானியர் வீட்டு மேஜைக்கு இருந்த ஒரு பெருமை அன்றோடு போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. புரோட்டீனின் உருவத்தை ஊகிப்பதிலும் கூகிள் கம்பெனியைச் சேர்ந்த டீப்மைண்டின் ஆல்ஃபாஃபோல்டு 2020-இல் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

அப்படியானால் சாமானியருக்கு வேலை தீர்ந்துவிட்டதா? இல்லை. ஆல்ஃபாஃபோல்டு உருவத்தைக் காட்டுகிறது. அந்த உருவம் எவ்விதம் அசைகிறது, திறக்கிறது, தடுமாறுகிறது என்பதை அறிய இன்னும் பொறுமையான கணக்கு வேண்டும். அதை ஃபோல்டிங் அட் ஹோம் செய்துவருகிறது. 2010-இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில், வினாடிக்கு 41 முறை சுழலும் ஒரு பல்சார் நட்சத்திரம் அகப்பட்டது. அதைக் கண்டெடுத்த யந்திரங்கள் அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் ஒரு தம்பதிகளுடையவும் ஜெர்மனியில் மைன்ஸ் நகரவாசி ஒருவருடையவுமாகும். 2019-இல் 42 என்ற எண்ணை மூன்று முழு எண்களின் கனங்களைக் கூட்டிப் பெறும் வழியைக் கண்டதும் வீட்டு யந்திரங்களின் துணையாலேதான். அறுபது வருஷங்களுக்கு மேலாகக் கணித மேதைகளுக்குப் பிடிகொடாத கணக்கு அது.

நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. கணக்கிடும் சக்தி சில பெரிய கம்பெனிகளின் கொத்தளங்களுக்குள் குவிந்துவரும் காலம் இது. எந்த நோயை ஆராய்வது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை அவர்களே தீர்மானிக்கும் நிலை வந்தால், விஞ்ஞானத்தில் பிரஜைகளுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு பங்கு இராது. லாபம் தராத நோய்க்கும், விலை போகாத எண்ணுக்கும், ஒருவேளை ஒருபோதும் வராத வானுலகச் செய்திக்கும் யார் யந்திரம் கொடுப்பார்கள்? கொடுக்க முன்வந்தவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களே. அவர்கள் புள்ளிக்காக வந்தார்கள் என்று குறை கூறுபவர்கள், தாங்கள் எதற்காக வராமலிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் கலந்துகொள்ள விரும்பும் நமது வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் சொந்த யந்திரத்தையே கொடுங்கள்; ஆபீஸ் யந்திரமானால் அனுமதி பெற்றுக் கொடுங்கள். யார் நடத்தும் ஆராய்ச்சி என்பதை விசாரியுங்கள். விடைகளைப் பகிரங்கமாக வெளியிடுவதாக வாக்களிக்காத திட்டத்துக்கு ஒரு நிமிஷ உழைப்பும் தராதீர்கள். மின்சாரக் கணக்கைப் பார்த்துத் தாங்கக்கூடிய அளவுக்குக் கொடுங்கள். பிறகு அணி சேருங்கள், போட்டியிடுங்கள், முதலிடத்துக்கு முயலுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வருஷத்துக்கொரு முறையாவது புள்ளிப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, உங்கள் யந்திரம் உழைத்த ஆராய்ச்சி என்ன கண்டது என்று படித்துப் பாருங்கள். கலயத்தில் எத்தனை பிடி விழுந்தது என்பதோடு, அந்தச் சோற்றை யார் உண்டார்கள் என்பதையும் அறிந்தவனே முழுக் கொடையாளி.